விந்தை ஏரிகள் சில



மொழிபெயர்ப்பே தொழிலாக அமைந்துவிட்ட எனக்குச் சில சொற்களோடு தீராத வழக்கு உண்டு. அவற்றுள் ஒன்று 'ஏரி'. சில ஆண்டுகளுக்கு முன்னர், உலக நாடுகளின் நீர்நிலைகளைப் பற்றிய குறிப்பொன்றைத் தமிழில் பெயர்க்கும் பணி என் மேசைக்கு வந்தது. முதல் வாக்கியத்திலேயே எழுதுகோல் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் உள்ளது ஒரே சொல். அதற்கு ஈடாக எதை எழுதுவது? ஏரி என்றால் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது நீண்ட கரையும், மதகும், கலிங்கும், அவற்றின் கீழே பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும் ஆயக்கட்டும். வீராணத்தைப் போல் மன்னர் காலத்தில் மக்கள் மண் சுமந்து கட்டியது அது. குளமும் அத்தகையதே; பாண்டி நாட்டுக் கண்மாயும் அத்தகையதே. பொய்கை என்னலாமோ என்றால், அது மானிடர் ஆக்காத நீர்நிலைதான். ஆயினும் பொய்கை என்றவுடன் தாமரையும் அன்னமும் வந்து நிற்கின்றனவேயன்றிக் கப்பலோடும் பரப்பு நினைவுக்கு வருவதில்லை. பக்கத்து மேசையில் இருந்த இந்தி மொழிபெயர்ப்பாளர் 'ஜீல்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் அரைமணி நேரம் தவித்து, இறுதியில் ஏரி என்றே எழுதினேன். இன்றும் அவ்வாறே எழுதுகிறேன், மனநிறைவோடு அன்று.

இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் நம் நாட்டின் நில அமைப்பே. தமிழகத்தில் இயற்கையாகவே அமைந்த பெரிய நன்னீர் ஏரி என்று சொல்லத்தக்கது அரிது. மலைவாசத் தலங்களில் நாம் படகு விட்டு மகிழும் ஏரிகளும் மனிதன் கைவேலையே. உதகமண்டலத்து ஏரி 1820களில் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கில அதிகாரி தேக்குவித்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் வீர் லெவிஞ் என்பவர் அமைத்தது. பழவேற்காடு இயற்கையானதுதான், ஆனால் அது கடலோடு உறவாடும் உவர்நீர்க் காயல். ஆகவே, பிழைப்பை நாடி வடக்கேயும் மேற்கேயும் கிழக்கேயும் வந்து குடியேறியுள்ள நம்மில் பலர், மதகும் கலிங்கும் இல்லாத ஓர் ஏரியை முதன்முதலாகக் கண்டது ஊரைவிட்டு வந்த பின்னரே. அத்தகைய ஏரிகளுள் விந்தையானவை சிலவற்றை இன்று காண்போம். எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. எனக்கு வியப்பளித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

சைபீரியாவிலுள்ள பைகால் ஏரியை முதலில் சொல்வதே முறை. ஏரிகளுள் அதுவே மூத்தது. ஆழத்திலும் அதற்கு நிகர் வேறில்லை. அதன் வயது ஏறத்தாழ 2½ கோடி ஆண்டுகள் என்பர். பெரும்பாலான ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே வண்டல் படிந்து தூர்ந்துபோக, இது மட்டும் நிலைத்திருப்பது எதனால்? பூமியின் மேலோடு அவ்விடத்தில் பிளந்து மெல்ல மெல்ல விலகிக்கொண்டே இருக்கிறது. மண் படியப் படியப் பள்ளமும் வளர்கிறது. அதன் ஆழம் 1,642 மீட்டர். உலகில் பனிக்கட்டியாக உறையாமல் நிலத்தின் மேல் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஏரியிலேயே அடங்கிவிடுகிறது. முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகள் அதில் வந்து விழுகின்றன. வெளியேறுவதோ அங்காரா என்னும் ஒரே ஆறு. கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள அந்நன்னீரில் கடல்நாய் இனத்தைச் சேர்ந்த நெர்ப்பா என்னும் விலங்கு வாழ்கின்றது. அது அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்பட்டிலர். 1966இல் அதன் கரையில் நிறுவப்பட்ட காகிதக்கூழ் ஆலையின் கழிவு பற்றிச் சோவியத் நாட்டிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது; எனினும் அவ்வாலை மூடப்பட்டது 2013இல்தான்.

நீரே இல்லாத ஏரியும் ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாடில் லா பிரேயா என்னும் ஊரில் ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புக்குத் தாரே தேங்கிக் கிடக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து ஊறிவரும் எண்ணெயின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, எஞ்சிய கெட்டித் தார் அது. பல இடங்களில் அதன்மேல் நடந்து செல்லலாம். நின்றுகொண்டே இருந்தால் கால் மெல்லப் புதையும். 1595இல் அங்கு வந்த சர் வால்டர் ராலே தம் கப்பல்களின் பலகை இடுக்குகளை அத்தாரைக் கொண்டே அடைத்தார். பிற்காலத்தில் பல நாடுகளின் சாலைகளுக்கு அத்தார் சென்றது. அழகு என்று சொல்வதற்கு அங்கு ஒன்றுமில்லை, விந்தைக்காகச் சொன்னேன்.

நம் நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்தில் லோணார் என்னும் சிற்றூர் இருக்கிறது. பம்பாயிலும் புனாவிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர் எத்தனை பேர் அங்குச் சென்றிருப்பர் என்று தெரியவில்லை. செல்லாதவர் ஒருமுறை செல்லலாம். சமவெளியில் சென்றுகொண்டே இருக்கும்போது, எதிர்பாராத வகையில் நிலம் காலடியில் முடிந்துபோகிறது. வட்டமான, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பெருங்குழி; சரிவெல்லாம் காடு; அடியில் பச்சை நிறத்தில் ஓர் ஏரி. யாரோ கிண்ணம் ஒன்றைக் கொண்டு தரையில் அழுத்தி எடுத்தது போன்ற அவ்வட்டத்தின் ஒழுங்கே முதலில் திகைக்க வைக்கும். நான் குடும்பத்துடன் சென்றிருந்தபோது, கரையோரக் காட்டில் மயிலின் அகவலையும் குரங்குகளின் ஆரவாரத்தையும் கேட்டுக்கொண்டே இறங்கினோம். நீரை நெருங்க நெருங்க, அழுகிய முட்டை போன்றதொரு வாடை வந்து குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அந்நீர் உவர்மண்ணைக் கரைத்தது போன்ற காரத் தன்மை மிக்கது. வியப்பு என்னவெனில், அதே குழியின் விளிம்பில் ஓர் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் ஓயாது விழுகின்றது. அதில் நீராடுவோர் பலர்.

லவணாசுரன் என்னும் அரக்கன் ஒளிந்திருந்த குகை இது என்றும், திருமால் அதன் மூடியைக் காலால் தள்ளிவிட்டு அவனை வதைத்தார் என்றும் அவ்வூர் மக்கள் கூறுவர். ஊருக்குள் சிற்ப வேலைப்பாடு மிக்க தைத்திய சூதனர் கோயில் இருக்கிறது. 1823இல் இக்குழியைப் பற்றி அலெக்ஸாண்டர் என்னும் ஆங்கிலேய அதிகாரி குறிப்பெழுதிய பின்னர், இது எரிமலை வாய் என்பதே நெடுங்காலம் வழங்கிய கருத்து. தக்காணம் முழுவதும் பண்டை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையாதலின் அவ்வாறு கருதியதில் தவறில்லை. ஆனால் குழிக்குள்ளிருந்து எடுத்த பாறைகளை ஆராய்ந்தபோது, எரிமலையால் ஒருபோதும் உண்டாக்க இயலாத அழுத்தத்தில் கண்ணாடியாக மாறிய பொருள் கிட்டியது. விண்ணிலிருந்து வந்து மோதிய கல்லே அதற்குக் காரணம் என்பது 1973இல் வெளியான ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. கரும்பாறையில் விண்கல் மோதி உண்டான குழிகள் பூமியில் மிக அரியவை. நிலவிலோ அத்தகையவை நிறைய. அதனால் நிலவை ஆராய்வோருக்கு லோணார் ஒரு பாடசாலை போலாயிற்று. அதன் வயது 52,000 ஆண்டுகள் என்று முதலில் கணித்தனர். 2010இல் வேறொரு முறையால் கணித்தோர் ஏறத்தாழ 5,70,000 ஆண்டுகள் என்றனர். பதினொரு மடங்கு வேறுபாடு! பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்போர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வேரி திடீரென இளஞ்சிவப்பாக மாறிற்று. ஊரார் அஞ்சினர், செய்தித்தாள்கள் படம் வெளியிட்டன. புனாவிலுள்ள அகார்கர் ஆராய்ச்சி நிலையத்தார் நீரை எடுத்துச் சோதித்தபோது, மிகுந்த உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தமை தெரிந்தது. கோடை வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. உப்பு மிகவே அவ்வுயிர்கள் பெருகின. அவற்றின் உடலிலுள்ள நிறமே ஏரியின் நிறமாயிற்று. எடுத்துச் சென்ற நீரைச் சில நாள் அசையாமல் வைத்தபோது அவை அடியில் படிந்து, நீர் மீண்டும் தெளிந்துவிட்டதாம். அவ்வாண்டு நவம்பரில் லோணார் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இனி நான் சொல்லப்போகும் ஏரி பார்வைக்கு மிக அழகியது. மேற்கு ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் வடமேற்கு மலைப்பகுதியில், பசும்புல் சரிவுகளுக்கு இடையே நீலமணி போல் கிடக்கும் நியோஸ் ஏரி அது. பண்டைய எரிமலை வாய் ஒன்றில் நீர் நிரம்பியதால் உண்டான அதன் ஆழம் ஏறத்தாழ 208 மீட்டர். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், வியாழக்கிழமை இரவு, அப்பகுதி மக்கள் உணவருந்திப் படுக்கைக்குச் செல்லும் வேளையில், ஏரியின் திசையிலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. மறுநாள் வெளியிலிருந்து வந்தவர்கள் கண்டது சொல்லுந்தரமன்று. வீடுகள் இடியவில்லை, மரங்கள் எரியவில்லை, மனிதரும் மாடுகளும் கிடந்த இடத்திலேயே இறந்து கிடந்தனர். பிணங்களின்மேல் ஈக்கூட இல்லை, ஈக்களும் மடிந்திருந்தன. நியோஸ், சா, சுபூம் முதலிய ஊர்களில் ஏறத்தாழ 1,746 பேர் மாண்டனர். கால்நடைகள் ஏறத்தாழ 3,500. ஏரியிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்தோரும் தப்பவில்லை. உணர்விழந்து கிடந்த சிலர் பல மணி நேரம் கழித்துக் கண்விழித்தபோது, அருகே படுத்திருந்த மனைவி மக்கள் உயிரோடு இல்லை. நீல ஏரியோ செந்நிறமாய் மாறி, நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது.

நிகழ்ந்தது யாது? ஏரிக்கு அடியில் ஆழத்திலிருந்து கரியமில வாயு இடைவிடாது கசிந்து வந்து அடிநீரில் கரைந்துகொண்டே இருந்தது. மேலே 200 மீட்டர் நீர் அழுத்திக்கொண்டிருந்தமையால் அது வெளியேற வழியில்லை. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். புட்டியின் கழுத்தில் கோலி இருக்கும்வரை உள்ளே வாயு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, தெளிந்த தண்ணீர்தான். கோலியை அழுத்தியவுடன் பொங்கிச் சீறுகின்றது. நியோஸ் ஏரியின் மேல்நீரே அக்கோலி. குளிர் நாடுகளில் பருவம் மாறும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். ஆண்டுதோறும் ஏரி இவ்வாறு ஒருமுறை கலங்கிவிடுவதால் வாயு சேர்வதில்லை. வெப்ப நாட்டில் அக்கலக்கம் நேராமையால் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. அன்றிரவு ஏதோ ஒன்று அடிநீரை அசைத்தது. கரையிலிருந்து சரிந்த பாறையாக இருக்கலாம் என்பர் பலர். சிறிது நீர் மேலெழ, அதிலிருந்த வாயு குமிழியாகப் பிரிய, அக்குமிழிகள் மேலும் நீரை இழுத்து வர, கணப்பொழுதில் ஏரியே பொங்கிற்று. அடியிலிருந்த இரும்புச் சத்து காற்றுப் பட்டுத் துருவாக மாறியமையாலேயே நீர் சிவந்தது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகையால் மேலே கலைந்து போகாமல், பள்ளத்தாக்குகளின் வழியே வெள்ளம் போல் இறங்கிற்று. பாழுங்கிணற்றில் தூர்வார இறங்குமுன் நம் ஊர்களில் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். கிணற்றடியில் தங்கும் நச்சுக்காற்றுக்கு அஞ்சிச் செய்யும் அவ்வெச்சரிக்கை நியோஸ் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்தோருக்கு வாய்க்கவில்லை.

உண்மையில் எச்சரிக்கை ஒன்று முன்னரே வந்திருந்தது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அதே நாட்டின் மோனூன் ஏரிக்கருகே 37 பேர் காரணம் தெரியாமல் இறந்தனர். அதன் பொருள் விளங்குமுன் நியோஸ் பொங்கிவிட்டது. 1987இல் தலைநகர் யவுண்டேயில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டிலும் இரு கட்சிகள் இருந்தன. எரிமலை வெடிப்பே காரணம் என்றனர் ஒரு சாரார், அடிநீரில் சேர்ந்த வாயுவே என்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கு வெறும் ஏட்டு வழக்கன்று. முதல் கருத்து மெய்யானால் மனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை; இரண்டாவது மெய்யானால் வாயுவை வெளியேற்றிவிடலாம். இரண்டாவது கட்சியே வென்றது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் ஏரியின் நடுவே மிதவை ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்கினர். பம்பினால் சிறிது நீரை மேலே இழுத்துவிட்டால் போதும். பிறகு வாயுவே நீரைத் தள்ளிக்கொண்டு வரும். பம்பை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்கு நீர்த்தாரை எழுந்து ஓயாமல் பொழிந்தது. கொல்ல வந்த வாயுவையே வேலை வாங்கிய இந்த உபாயத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்று கைதட்டாத குறைதான். 2011இல் மேலும் இரண்டு குழாய்கள் சேர்க்கப்பட்டன. உயிர் தப்பியோர் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். விளைநிலத்தை மறக்க இயலாத சிலர் மெல்ல மெல்லத் திரும்பியும் வந்தனர்.

ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் இடையேயுள்ள கிவூ ஏரியில் நியோஸைவிடப் பன்மடங்கு வாயு கரைந்து கிடக்கிறது. கரையைச் சூழ வாழ்வோரோ இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அங்குக் கரியமில வாயுவோடு எரிவாயுவாகிய மீத்தேனும் உண்டு. அதைப் பிரித்தெடுத்து 26 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நிலையமொன்று 2016இல் திறந்துவைக்கப்பட்டது.

மனிதனைக் கொன்ற ஏரியைச் சொன்னேன். மனிதன் கொன்ற ஏரியைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. மத்திய ஆசியாவிலிருந்த ஆரல், ஏரியேயாயினும் பெருமை நோக்கிக் கடல் என்றே வழங்கப்பட்டது. 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்தி விளைவிப்பதற்காக ஆமு தரியா, சீர் தரியா என்னும் இரு ஆறுகளின் நீரையும் சோவியத் அரசு வாய்க்கால்களில் திருப்பிவிட்டது. பருத்தி விளைந்தது, ஏரி வற்றிற்று. 2007 அளவில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. உஸ்பெகிஸ்தானில் மொய்னாக் என்னும் பழைய துறைமுகத்தில், மணல்மேட்டில் துருப்பிடித்த மீன்பிடி கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் இல்லை. வற்றிய தரையிலிருந்து உப்பையும் பூச்சிமருந்தின் மிச்சத்தையும் வாரிக்கொண்டு வீசும் புழுதிக்காற்று மக்களின் மார்பைக் கெடுத்தது. வடக்கே கசாக்ஸ்தான் பகுதியில் மட்டும், 2005இல் கட்டி முடித்த கோக் ஆரல் அணையினால் நீர் எதிர்பார்த்ததைவிட விரைவில் ஏறி, உப்புக் குறைந்து, மீன்களும் மீனவரும் திரும்பினர். தெற்குப் பகுதி அவ்வாறு மீளவில்லை.

முடிவாக, நம் நாட்டின் கீழ்க்கோடிக்குச் செல்வோம். மணிப்பூரிலுள்ள லோக்தாக், வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. பரப்பு ஏறத்தாழ 287 சதுர கிலோமீட்டர். அதன் கரையிலுள்ள மொய்ராங், 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இந்திய தேசிய இராணுவம் தன் கொடியை ஏற்றிய ஊர். மலேயாத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர் என்பதை நேயர்கள் அறிவர். பர்மாவை விட்டு வந்த தமிழர் அம்மாநிலத்தின் எல்லையூராகிய மோரேயில் குடியேறியதும் உண்டு. ஆகவே மணிப்பூர் நமக்கு முற்றிலும் அயலூர் அன்று.

லோக்தாக்கின் விந்தை அதன்மேல் மிதக்கும் நிலம். புல்லும் நாணலும் வேரும் மக்கிய மண்ணும் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் திரண்டு மிதக்கின்றன. இவற்றைப் 'பும்டி' என்பர். சில இடங்களில் இதன் கனம் இரண்டு மீட்டர் வரை இருக்கும். பெரும்பகுதி நீருக்கடியில் மறைந்திருக்கச் சிறு பகுதியே மேலே தெரியும். மீனவர் அதன்மேல் குடிசை கட்டி வாழ்ந்தனர். 2011இல் ஏரியைத் துப்புரவாக்குவதாகக் கூறி அக்குடிசைகள் பல நூறு எரித்து அகற்றப்பட்டன. ஏரியின் தென்கிழக்கில் 40 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கெய்புல் லாம்ஜாவ் தேசியப் பூங்கா பெரும்பாலும் இத்தகைய மிதவையே. உலகில் மிதக்கும் தேசியப் பூங்கா என்பது அது ஒன்றே. அங்குதான் 'சங்காய்' என்னும் மான் வாழ்கின்றது. மெத்தைபோல் அமிழ்ந்து எழும் தரையில் அது காலெடுத்து வைக்கும் நயத்தைக் கண்டு நடனமான் என்றும் அழைப்பர். 1951இல் அவ்வினம் அழிந்தே போயிற்று என்று கருதினர், இரண்டாண்டுகளில் ஈ. பி. ஜீ என்னும் இயற்கை ஆர்வலர் அதைக் கண்டார். 1975இல் விமானத்திலிருந்து எண்ணியபோது தென்பட்டவை 14 மட்டுமே. காவல் பலப்பட்டபின் பெருகி, 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 260 ஆயின.

எண்ணிக்கை பெருகிற்று, ஆனால் தரை மெலிகின்றது. முற்காலத்தில் கோடையில் ஏரி நீர் வடிந்து, மிதவைகள் அடித்தரையில் படியும். அப்போது அவற்றின் வேர்கள் சேற்றிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் தடித்து மீண்டும் மிதக்கும். 1983இல் மின்சாரத்துக்காக இதாய் என்னுமிடத்தில் கதவணை அமைந்த பின், ஆண்டு முழுவதும் நீர் ஒரே உயரத்தில் நிற்கின்றது. மிதவைகள் தரை தொடுவதில்லை. உணவின்றி ஆண்டுக்காண்டு மெலிகின்றன. மெலிந்த இடத்தில் மானின் குளம்பு பொத்துக்கொண்டு உள்ளே போகிறது. கரையோர வயல்கள் பல நீரில் மூழ்கியதும் அக்கதவணையாலேயே. மணிப்பூருக்கு மின்சாரமும் வேண்டும். கோடையில் கதவுகளை எத்தனை நாள் திறந்துவைப்பது என்னும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது, இன்னும் முடிந்தபாடில்லை.